எல்லாவற்றையும் தப்பாகச் சொன்னவர்

முதல் நாள் வந்து உட்கார்ந்ததும் அவர் சொன்ன முதல் பேச்சே தப்பு.

"சட்னியில புதினா நல்லா தூக்கலா இருக்கு அக்கா."

அது மல்லி. ஜோகூர் ரெங்கத்தில், ரயில் ஸ்டேஷன் ரோட்டோரம் இருக்கிற என் ஒட்டுக்கடைக்குப் பசியாற வருகிற யாரும் என் சட்னியில் புதினாவைக் கண்டது கிடையாது. புதினா பிரியாணிக்கு. அதை அவருக்கு எடுத்துச் சொன்னேன். சொல்ல ஆரம்பித்தால் மல்லியை எந்தச் சீனரிடம் வாங்குகிறேன், அவருடைய லோரி எந்த வழியாக வருகிறது, அவர் தம்பி எதற்காகக் கடையைச் சாத்திவிட்டுப் பொந்தியானுக்குப் போனார் என்பதெல்லாம் கூடவே வரத்தானே செய்யும்? வந்தது. அவர் தலையாட்டிக்கொண்டே தோசையை முடித்தார். "அப்படியாக்கா, எனக்குத் தெரியாமப் போச்சே" என்று கையைக் கழுவிக்கொண்டு போனார்.

நாக்கு செத்த மனுஷன், பாவம் என்று நினைத்தேன். மறுநாள் ஒரு வடை கூடுதலாக வைத்தேன்.

பெயர் ஒன்று சொன்னார். அதுவும் தப்பாகத்தான் இருக்கும். ஆகவே இங்கே சொல்லவில்லை. முகத்தைச் சொல்லலாம் என்றால் அதுவும் சுலபமில்லை. ஒரு தடவை பார்த்த ஆளை மறக்கிறவள் இல்லை நான். ஆனால் அவரை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நினைத்தால் சட்டைதான் வருகிறது. நீலக்கோடு போட்ட சட்டை. நாற்பது வயசு இருக்கும், ஐம்பதும் இருக்கும். தூண் பக்கத்து முக்காலியில் ரோட்டைப் பார்த்து உட்காருவார். தோசையை எல்லாரும் ஓரத்திலிருந்து பிய்ப்பார்கள். அவர் நடுவில் ஓட்டை போட்டு ஆரம்பிப்பார். முறுகல் ஓரம் வட்டமாகக் கடைசி வரைக்கும் தட்டில் கிடக்கும்.

அவர் கேள்வி கேட்க மாட்டார். எங்கள் கடைக்கு வந்துபோன காலமெல்லாம் என்னை ஒரே ஒரு தடவைதான் கேள்வி கேட்டார். அதற்கு வருகிறேன். மற்றபடி, சொல்லுவார். தப்பாகச் சொல்லுவார்.

"நம்ம கோயில் திருவிழாவ தைப்பூசத்துக்கு முந்தின வாரம் வெச்சிடறாங்க" என்பார். பங்குனியில்! தைப்பூசத்துக்கு முந்தின வாரம் எந்தக் கோயிலில் வைப்பார்கள்? அதைச் சொல்லி, தலைவர் பதவிக்கு யார் யார் அடித்துக்கொண்டார்கள், யார் மைக்கைப் பிடுங்கினார் என்பது வரைக்கும் சொல்லி முடித்தால்தான் எனக்கு மூச்சு வரும்.

"பெக்கோக் பக்கம் தோட்டத்துல இப்ப வேலைக்கு ஆளே இல்லையாம்" என்பார். ஆள் இல்லையா? யார் சொன்னது? எந்த ஊர் ஆட்கள் வந்திருக்கிறார்கள், எந்தக் கொட்டகையில் தங்கியிருக்கிறார்கள், சம்பளத்தன்று எந்தக் கடையில் கூடுகிறார்கள், எல்லாம் எனக்குத் தெரியும். இப்போது அவருக்கும் தெரியும்.

தப்பைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க எனக்கு வராது. என் வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லிப் பார்த்தார், கடைசியில் போயே சேர்ந்துவிட்டார். நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனால் தெரிந்ததைத் திருத்தமாகத் தெரிந்து வைத்திருப்பேன். இந்த மனுஷன் இவ்வளவு தப்பைத் தலையில் வைத்துக்கொண்டு எப்படிப் பிழைக்கிறார் என்று எனக்கு உண்மையிலேயே கவலை.

பிழைப்பு என்னவென்றால், தண்ணீர் வடிகட்டி விற்கிறாராம். குழாயில் மாட்டுகிற வடிகட்டி. கறுப்புப் பை நிறையப் படம் போட்ட காகிதங்கள். ஆனால் ரெங்கத்தில் ஒரு வீட்டிலும் அவர் விற்ற வடிகட்டியை நான் பார்த்ததில்லை. ஒரு மழைக்காலத்தில் குழாய்த் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் வந்தது. "தம்பி, எனக்கு ஒண்ணு கொண்டாங்க" என்றேன். மனுஷனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"உங்களுக்கு வேணாம் அக்கா. உங்க தண்ணி நல்லாத்தானே இருக்கு..."

"இதுவா நல்ல தண்ணி? கண்ணத் தொறந்து பாருங்க லா!"

"அலமாக்" என்றார், ஐயோ என்று மலாய்க்காரர்கள் சொல்லுகிற மாதிரி. அவர் வாயிலிருந்து வந்த முதல் சரியான வார்த்தை.

அடுத்த வாரம் ஒன்றைக் கொண்டுவந்து தாமே மாட்டினார். மாட்டத் தெரியவில்லை. என் கடையில் தேத்தண்ணி கலக்குகிற மாரிமுத்துதான் ஸ்பேனரைப் பிடுங்கி முடுக்கினான். அப்போது வடிகட்டியின் அடியில் பார்த்தால், குளுவாங் சூப்பர் மார்க்கெட்டின் விலைச் சீட்டு அப்படியே ஒட்டியிருக்கிறது.

"தம்பி, அடுத்த தடவை இதக் கிழிச்சிட்டுக் கொண்டாங்க" என்றேன்.

அவர் சிரித்தார். அவருடைய சிரிப்பு எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும், எங்கேயோ போய் அனுமதி வாங்கிக்கொண்டு வருகிற மாதிரி.

அவர் போனதும் மாரிமுத்து என் காதருகே வந்தான். "அக்கா, அவரு மாத்தா லா, போலீசு. யூனிபோம் போடாத மாத்தா. உளவு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஊருக்கே தெரியும் அக்கா. உங்களுக்குத்தான் தெரியாது."

எனக்கு அவமானமாகப் போய்விட்டது. ரெங்கத்தில் எனக்குத் தெரியாமல் ஒரு விஷயமா! "எனக்கு எப்பவோ தெரியும். உனக்குத் தெரியுதான்னு பார்த்தேன்" என்றேன்.

ஊருக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியுமா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஜனங்கள் கெட்டிக்காரர்கள். அவர் பக்கத்து மேசையில் உட்கார்ந்து சத்தமாகப் பேச ஆரம்பித்தார்கள். "எங்க தமான் குடியிருப்புல தெரு விளக்கு எரிஞ்சு எத்தனை மாசமாச்சு!" என்று ஒருவர் இன்னொருவரிடம் கத்துவார். ரெண்டு பேருக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருக்கும். அந்த மாதமே விளக்கு எரிந்தது. சாக்கடை மூடி வந்தது. நாட்டுக்கு வருகிற ஆபத்தைப் பார்க்க அனுப்பின ஆள், ரெங்கத்துக் குழிகளை அடைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது என் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மகளுக்குச் சிங்கப்பூரில் வேலை. எல்லைக்கு இந்தப் பக்கம் ஜேபியில் அறை எடுத்துத் தங்கி வாரக் கடைசியில்தான் வருவாள். மாப்பிள்ளைக்கு வேலை என் வீட்டுப் பின்கட்டில். ஜோகூரில் எங்கே பார்த்தாலும் ஜன்னல் இல்லாத பெரிய பெரிய கட்டடங்கள் நிற்கின்றனவே, அது மனுஷருக்கு இல்லை, குருவிக்கு. எச்சிலால் கூடு கட்டுகிற குருவி. அந்தக் கூட்டைத்தான் சீனர்கள் சூப் வைத்துக் குடிக்கிறார்கள். குருவியை உள்ளே அழைக்க, குருவிச் சத்தத்தைப் பதிவு செய்து ஸ்பீக்கரில் போடுவார்கள். அந்தச் சத்தம் விடியலில் தானாக எழும்பி, பொழுது சாய்ந்து கடைசிக் குருவி உள்ளே போனதும் தானாக அடங்க வேண்டும். அதற்கான டைமர் பெட்டி செய்வதில் என் மாப்பிள்ளையை அடிக்க இந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. நான் மாப்பிள்ளையிடம் இதைச் சொன்னதில்லை. ஈயம் காய்ச்சுகிற புகை சமையலறைக்கு வருகிறது என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

அந்த வருஷம் எங்கோ வெளிநாட்டில் சந்தையில் குண்டு வெடித்து, டீவியில் ஓயாமல் அதையே காட்டினார்கள். சந்தேகப்படும்படி யாரைப் பார்த்தாலும் போன் பண்ணுங்கள் என்று ஸ்டேஷன் சுவரில் ஒட்டினார்கள். எதிர் வீட்டுச் சரசு அதைப் படித்துவிட்டாள். படித்ததோடு விட்டாளா?

"அக்கா, கோவிச்சுக்காதீங்க" என்று அவளே வந்து சொன்னாள். "நாட்டுக்காகத்தான் போன் பண்ணேன். உங்க மாப்பிள்ளை ஜன்னலே இல்லாத கட்டடத்துக்குள்ள போறாரு, வர்றாரு. கையில வயரு, பேட்டரி, டைமர். நான் என்னன்னு நினைக்கிறது?"

"அது குருவிக்கு லா, கூறு கெட்டவளே!"

"குருவிக்கு எதுக்குக்கா டைமர்? அது என்ன வேலைக்கா போவுது?"

அவளைத் திட்டி அனுப்பிவிட்டேன். பின்கட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். இந்த மாதிரி விஷயத்தில் பிடித்தால் கோர்ட்டுக்கே கொண்டுபோகாமல் வாரக்கணக்கில் உள்ளே வைத்திருப்பார்களாம். மகளுக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

மறுநாள் காலை வடிகட்டிக்காரர் வந்தார். தோசையின் நடுவில் ஓட்டை போட்டார்.

"உங்க மாப்பிள்ளை ஏர்கோன் ரிப்பேர் பண்றவரு அக்கா" என்றார்.

வாய் தானாகத் திறந்தது. பாதியில் நிறுத்தினேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. புதினா, திருவிழா, பெக்கோக் தோட்டம்! நான் பாடம் நடத்துகிறேன் என்று இருந்தேன். அவர் மீன் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். புழு கூட வைக்கவில்லை, வெறும் தூண்டில்.

"ம்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் அவரிடம் "ம்" என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அதிலிருந்து வாயைப் பூட்டிக்கொண்டேன். பேசினால் மாப்பிள்ளைக்கு ஆபத்து. நான் பட்ட பாடு பிரசவத்தில்கூடப் பட்டதில்லை. "தோசை மாவுல முட்டை ஊத்துவீங்க போல அக்கா" என்றார். கரண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "இட்லி சீனர் பலகாரமாம்" என்றார். மாரிமுத்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, மூச்சு விடுங்க" என்றான். இன்னொரு நாள், எதிரே ஸ்டேஷனில் ரயில் நின்றுகொண்டிருக்கிறது, ஜனங்கள் இறங்குகிறார்கள். இவர் அதைப் பார்த்துக்கொண்டே, "இப்ப ரெங்கத்துல ரயிலே நிக்கறது இல்ல அக்கா" என்கிறார்! நான் உள்ளே போய் ஒரு சட்டி வெங்காயத்தை உரித்துவிட்டு வந்தேன்.

நான் வாய் திறக்காதது அவருக்குக் கவலையாக இருந்தது என்று இப்போது தெரிகிறது. இத்தனை பேசுகிறவள் மாப்பிள்ளை பேச்சில் மட்டும் ஊமையானால் என்ன நினைப்பார்கள்? அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை.

கடைசியில் ஒருநாள் தோசை ஓரத்தைத் தட்டில் சுற்றிக்கொண்டே, யாரிடமோ சொல்லுகிற மாதிரி சொன்னார்.

"உங்க மாப்பிள்ளை டைமர் செய்யறாராமே அக்கா. ரொம்ப மட்டமாம். நேரத்துக்கு வேலை செய்யறதே இல்லையாம்."

அவ்வளவுதான்.

"எந்தப் பய சொன்னான்?" என்றேன். தோசைக் கல்லில் தோசை தீய்ந்தது, தீயட்டும். "குளுவாங்ல இருந்து தவுக்கேமாருங்க, பெரிய பெரிய முதலாளிங்க, கார் போட்டுக்கிட்டு வர்றாங்க என் மாப்பிள்ளையத் தேடி! விடியும்போது எழும்பும், பொழுது சாய்ஞ்சா அடங்கும், ஒரு நிமிஷம் முன்னப் பின்ன இருக்காது. வாங்க, குருவி வீட்டுக்கே கூட்டிட்டுப் போறேன், குருவிகிட்டயே கேளுங்க! மட்டமாமே! மட்டமா இருந்தா ஏன் இப்படித் தேடி வர்றாங்க? போன வாரம்கூட ஒருத்தன் வந்தான். டைமர் மட்டும் வேணுமாம், ஸ்பீக்கர் வேணாமாம். மாப்பிள்ளை சிரிச்சிட்டாரு. ஸ்பீக்கர் இல்லாம குருவிக்கு எத வெச்சுச் சத்தம் காட்டுவான்? குருவி வீடு எங்கன்னா முதல்ல ஒரு ஊர் சொல்றான், அப்புறம் வேற ஊர் சொல்றான். கூடு எப்ப எடுக்கணும்னுகூடத் தெரியல. பேச்சு மட்டும் பெரிய தவுக்கே மாதிரி!"

நான் சிரித்தேன். மாரிமுத்து சிரித்தான். அவர் சிரிப்பும் தாமதமாக வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. தோசை ஓரத்தைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

"அவன் திரும்ப எப்போ வர்றான் அக்கா?"

கேள்வி. அவர் என்னைக் கேட்ட ஒரே கேள்வி.

"வெள்ளிக்கிழமை" என்றேன். எனக்கே என் குரல் சின்னதாகக் கேட்டது.

வடையைத் தொடாமல் எழுந்து போனார். மத்தியானம் ஒரு கார் வந்து மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு போயிற்று. நான் கடையைச் சாத்திவிட்டு வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். வாய் அடங்கியிருக்கக் கூடாதா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். சரசு எட்டிப் பார்த்தாள். நான் பார்த்த பார்வையில் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் அதே கார் மாப்பிள்ளையைக் கொண்டுவந்து விட்டது. முழுசாகத்தான் வந்தார். ஆனால் முகம் செத்துக் கிடந்தது.

"என்ன மாப்பிள்ளை?"

"ஒண்ணும் இல்ல அத்தை. யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

கேட்டால் சொல்ல மாட்டார். எனக்கா வழி தெரியாது? இத்தனை நாள் யாரிடம் பாடம் படித்தேன்?

"பட்டினி போட்டிருப்பாங்க, பாவம்" என்றேன்.

"யாரு சொன்னா? நாசி லெமாக் சோறு வாங்கிக் குடுத்தாங்க."

"சம்பல் இல்லாம."

"சம்பலோடத்தான் அத்தை!"

"அந்தக் கிறுக்கன் வந்தா ஒண்ணும் குடுக்காமத் துரத்திடணும்னு சொல்லியிருப்பாங்க."

"இல்ல அத்தை! குடுக்கணும்னுதான் சொல்றாங்க!" அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "பார்வைக்கு ஓடணுமாம். வேலைக்கு ஆகக் கூடாதாம். கெட்டுப்போற டைமரா செய்யச் சொல்றாங்க அத்தை. என்னைப் போய்!"

கண் கலங்கிவிட்டது மனுஷனுக்கு. குண்டு வைக்கிற கூட்டமாம், அவரிடமே டைமர் வாங்கி ஜனங்களைக் கொல்லப் பார்த்தார்களாம், அதெல்லாம் அப்புறம். அவருக்கு இதுதான் பெரிய துக்கமாக இருந்தது. வெள்ளிக்கிழமை வரைக்கும் சாவு வீட்டில் வேலை செய்கிற மாதிரி செய்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் அந்த ஆள் முதலில் என் கடைக்குத்தான் வந்தான். பசியாறிவிட்டுப் பின்கட்டுக்குப் போகலாம் என்று. நல்ல சட்டை, நல்ல பேச்சு, "ஆன்ட்டி" என்றான். இதே கையால் அவனுக்கும் தோசை ஊற்றினேன். மாவு ஒரு பக்கமாக ஓடியது. தூண் பக்கத்து முக்காலியில் நம்முடைய வடிகட்டிக்காரர். அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மாரிமுத்துவிடம் சொன்னார். "பழைய செம்பனைத் தோட்டத்துப் பாதைய அடைச்சிட்டாங்க. இனிமே அந்தப் பக்கம் யாரும் குடியிருக்க முடியாது."

மாரிமுத்து வாயைத் திறக்குமுன்,

"எங்க அண்ணே அடைச்சாங்க? நாங்க அங்கதானே தங்கியிருக்கோம். தொறந்துதான் கெடக்கு" என்றான் அந்த ஆள்.

சொல்லிவிட்டுச் சட்டென்று தேத்தண்ணியைக் குடித்தான். நாக்கு சுட்டிருக்கும். எனக்குப் பயத்தையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. குண்டு வைக்கிறவனாலும் ஒரு தப்பைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லையே!

"அப்படியா தம்பி, எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார் இவர். முறுகல் ஓரத்தைக் கடித்தார்.

கொஞ்ச நாள் கழித்துப் பேப்பரில் வந்தது. தெற்கில் சிலரைப் பிடித்தார்களாம், ஜனங்கள் கூடுகிற இடத்தில் குண்டு வைக்கப் பார்த்தவர்களாம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையாம். எழுத்துக்கூட்டி முழுசும் படித்தேன். ரெங்கம் என்று ஒரு இடத்திலும் இல்லை. பிடித்த சாமானை மேசையில் பரப்பிப் படம் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை பேப்பரைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "இது நான் செஞ்சது இல்ல அத்தை. இவ்வளவு அசிங்கமா நான் செய்ய மாட்டேன்" என்றார். அவர் செய்ததுதான்.

மறுநாள் காலை கடை நிறைந்திருந்தது. சரசுகூட வந்து உட்கார்ந்திருந்தாள், எல்லாருடைய காதும் தூண் பக்கத்தில். அவர் வந்தார், நீலக்கோடு சட்டை, நடுவில் ஓட்டை. என் மாப்பிள்ளையின் கை, என் வாய், இரண்டும் சேர்ந்து எத்தனை உயிரைக் காப்பாற்றியிருக்கிறது! ஊர் கேட்க வேண்டாமா?

"தம்பி, எங்க மாப்பிள்ளை டைமர்..." என்று ஆரம்பித்தேன்.

"டைமர்லாம் இல்ல" என்றார், கடைசி மேசை வரைக்கும் கேட்கும்படி. அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. "உங்க மாப்பிள்ளை ரேடியோ ரிப்பேர் பண்றவரு அக்கா."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணில் தூண்டில் இல்லை. பிடிபட்டது சில பேர்தான். பிடிபடாதவன் எந்தக் கடையில் உட்கார்ந்து பசியாறுகிறானோ, யாருக்குத் தெரியும்?

"இல்லையே, அவரு குருவிக்கு..." என்று சரசு வாயெடுத்தாள்.

"ரேடியோதான் தம்பி" என்றேன். "சரசு, உனக்கு ஒண்ணும் தெரியாது. சாப்பிடு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தோசை ஓரத்தைச் சட்னியில் தோய்த்து நிதானமாகச் சாப்பிட்டார். கையைக் கழுவிவிட்டு, போகிற போக்கில் என் பக்கமாகச் சாய்ந்து, மெதுவாகச் சொன்னார்.

"சட்னியில மல்லி அருமையா இருக்கு அக்கா."

அந்த வாரம் மழையில் லோரி வரவில்லை. மல்லி கிடைக்காமல், யாருக்கும் சொல்லாமல், புதினாவைத்தான் அரைத்திருந்தேன்.

அதையும் நான் திருத்தவில்லை.